மருந்து சாப்பிட்டால் பாட்டு நின்றுவிடுமா?



மனநிலை, மூளையின் வேதியியல், படைப்பு என்று மூன்றையும் சேர்த்து எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதுகிறவர்களும் பாடுகிறவர்களும் வரைகிறவர்களும் மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி அது. "டாக்டர், இந்த மாத்திரையைச் சாப்பிட்டா என்னால எழுத முடியாமப் போயிடுமா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வேதனைதான் கலையைப் பெறுகிறது, வேதனை போனால் கலையும் போய்விடும் என்கிற நம்பிக்கை. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் அது உண்மையா? உண்மை என்றால் எவ்வளவு உண்மை? பொய் என்றால் எங்கே பொய்யாகிறது? இன்று மாலை இதைத்தான் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில், மனத்துக்கும் வேதிப்பொருளுக்கும் தொடர்பு உண்டு என்பது நமக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கதையே ஒரு கனவில்தான் தொடங்குகிறது.

ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரம். அங்கே ஓட்டோ லோவி என்ற மருந்தியல் பேராசிரியர். ஒரு நரம்பு, தான் சொல்ல வந்ததை அடுத்த உறுப்புக்கு எப்படிச் சொல்கிறது? மின்சாரமாகவா, ஏதாவது ஒரு பொருளைச் சுரந்தா? அன்றைய அறிஞர்கள் இதில் இரண்டு கட்சியாக நின்றார்கள். ஒரு ஈஸ்டர் காலத்து இரவில் லோவி தூக்கத்திலிருந்து விழித்து, கையில் கிடைத்த தாளில் எதையோ கிறுக்கிவிட்டு மறுபடி தூங்கிப்போனார். காலையில் எடுத்துப் பார்த்தால் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. நாள் முழுவதும் தவித்தார். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவர் எழுதி வைக்கவில்லை. எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

என்ன செய்தார்? துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார்; துடிப்பு மெதுவானது. அந்த இதயம் நனைந்திருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு இல்லை, மின்சாரம் இல்லை, வெறும் திரவம்தான் செய்தியைக் கொண்டு போயிருக்கிறது. 1921இல் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் அசிட்டைல்கோலின்தான் என்று பின்னாளில் தெரிந்தது. 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். நாம் கனவு காணும் உறக்கத்தில், மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் ஏறக்குறைய முழுவதும் ஓய்ந்துவிடுகின்றன. அப்போது ஓங்கி நிற்பது அசிட்டைல்கோலின். எந்தப் பொருளை லோவி கண்டுபிடித்தாரோ, அதே பொருள் அவருடைய மூளையில் பெருகியிருந்த வேளையில்தான் அந்தக் கனவே வந்திருக்க வேண்டும். இது முதல் செய்தி. இரண்டாவதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நரம்புகள் வேதிப்பொருளால் பேசக்கூடும் என்ற யோசனை லோவிக்கு அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே தோன்றி, சோதிக்க வழி தெரியாமல் கிடந்தது. தவளை இதயங்களில் அவர் கை தேர்ந்தவர். கனவு ஒரு சோம்பேறிக்கு வரவில்லை. அந்தக் கேள்வி மனத்தின் அடியில் கிடக்க, ஆண்டுக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் உழைத்தவருக்கு வந்தது. இதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது தேவைப்படும்.

சரி, வேதிப்பொருள் இருக்கட்டும். மனநிலை மாறினால் சிந்தனை மாறுமா? மகிழ்ச்சியாக இருப்பவனுக்குப் புதிய யோசனை கூடுதலாகத் தோன்றுமா?

ஒரு மேசை. அதன்மேல் ஒரு மெழுகுவத்தி, கொஞ்சம் தீக்குச்சி, ஓர் அட்டைப்பெட்டி நிறைய போர்டு பின்கள். மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்தி எரியவிட வேண்டும். மெழுகு தரையில் சொட்டக் கூடாது. எப்படிச் செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் பின்னை மெழுகுவத்தியிலேயே குத்திப் பார்ப்பார்கள். மெழுகை உருக்கிச் சுவரில் ஒட்டிப் பார்ப்பார்கள். வழி என்னவென்றால், பெட்டியைக் காலி செய்து, அந்தப் பெட்டியையே பின்களால் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவத்தியை நிறுத்துவது. பெட்டி என்றால் பொருள் போட்டு வைக்கத்தான் என்று மனம் பிடிவாதமாக இருக்கும்வரை இந்த வழி கண்ணில் படாது. இந்தப் புதிரை அமைத்தவர் ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டங்கர்.

அமெரிக்க உளவியலாளர் ஆலிஸ் ஐசன் தம் இரு துணை ஆய்வாளர்களோடு இதே புதிரை மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு குழுவுக்கு முதலில் சில நிமிடங்கள் சிரிப்புப் படம் போட்டுக் காட்டினார். இன்னொரு குழுவுக்குக் கணிதம் பற்றிய படம். மூன்றாவது குழுவுக்குப் படமே இல்லை. 1987இல் வெளியான முடிவைக் கேளுங்கள். கணிதப் படம் பார்த்தவர்களில் 20 சதவீதம் பேர் புதிரை அவிழ்த்தார்கள். எதுவும் பார்க்காதவர்களில் 13 சதவீதம். சிரித்துவிட்டு வந்தவர்களில்? 75 சதவீதம்!

பிறகு பலரும் பலவிதமாகச் சோதித்தார்கள். எல்லா ஆய்விலும் இத்தனை பெரிய வித்தியாசம் வரவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஆனாலும் திசை மாறவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் அதே திசைதான். தெரசா அமபைலும் அவருடைய குழுவினரும் ஏழு நிறுவனங்களில் வேலை பார்த்த 222 பேரிடம் அன்றாடம் நாட்குறிப்பு வாங்கிப் படித்து, 2005இல் வெளியிட்டார்கள். மனம் நன்றாக இருந்த நாளில் புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன. அதுமட்டுமா, அதற்கு மறுநாளும் வந்தன. இன்றைக்கு மனம் மலர்ந்திருந்தால் நாளைய யோசனைக்கும் அது உரமாகிறது.

டங்கரைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் என்னால் கடந்து போக முடியாது. ஹிட்லரின் ஆட்சியில் வேலை இழந்து நாட்டைவிட்டு வெளியேறியவர் அவர். நீண்ட நாள் மனச்சோர்வு நோயால் துன்பப்பட்டார். 1940இல், 37 வயதில், அமெரிக்காவில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அன்று அந்த நோய்க்குக் கொடுக்க நல்ல மருந்து எதுவும் மருத்துவர்கள் கையில் இல்லை. மனித மனம் ஒரே வழியில் சிக்கிக்கொள்வதை உலகத்துக்கு விளக்கியவர், தம் மனம் சிக்கியபோது வெளியே வர முடியாமல் போனார். வேதனை அவருக்குப் படைப்பைத் தரவில்லை. அவர் இன்னும் படைத்திருக்கக்கூடிய முப்பது, நாற்பது ஆண்டுகளை அது எடுத்துக்கொண்டது.

இப்போது மூளைக்குள் போவோம். இந்தக் கதையில் நம் நாட்டுச் செடி ஒன்றுக்கும் பங்கு உண்டு.

சர்ப்பகந்தா. நம் வைத்தியர்கள் அதன் வேரைப் பாம்புக்கடிக்கும் சித்தபேதத்துக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள், பித்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அது மருந்தாவதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். மூளை அதை டோபமினாக மாற்றிக்கொள்ளும். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின! 1957இல் நடந்தது இது. டோபமின் என்பது மூளைக்கே நேரடியாக வேண்டிய பொருள் என்று இதிலிருந்துதான் தெரிய வந்தது. 2000இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டோபமின் என்றால் 'இன்பச் சுரப்பு' என்று இன்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்வது சரியில்லை. தேடத் தூண்டுவது, நாடத் தூண்டுவது, எதிர்பாராத நல்லது கிடைத்தால் அதை மனத்தில் பதியவைப்பது, இவைதான் அதன் முக்கியமான வேலை. தேடல் இல்லாமல் படைப்பு ஏது? மனம் மலரும்போது டோபமின் கூடுகிறது, அதனால்தான் சிந்தனை ஒரே இடத்தில் நிற்காமல் தாவுகிறது என்று ஐசனும் அவருடைய நண்பர்களும் 1999இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள்.

பார்க்கின்சன் நோயாளிகளிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நோயில் டோபமின் செய்யும் செல்கள் மடிகின்றன. அதனால் எல்-டோபா போன்ற மருந்துகளைக் கொடுக்கிறார்கள். வாழ்நாளில் தூரிகையைத் தொட்டறியாத சிலர், மருந்து தொடங்கிய பிறகு நாள் முழுக்கப் படம் வரைந்தார்கள். கவிதை எழுதினார்கள். இஸ்ரேலில் ரிவ்கா இன்செல்பர்க் இதைக் கவனித்தார். மருந்து சாப்பிடும் 27 நோயாளிகளையும் நோயில்லாத 27 பேரையும் அவர் குழு ஒப்பிட்டது. 2014இல் வந்த முடிவில் நோயாளிகள்தான் படைப்பாற்றல் சோதனைகளில் மேலே நின்றார்கள். ஆனால் நண்பர்களே, இதே மருந்து இன்னும் சிலரைச் சூதாட்டத்தில் இறக்கிக் குடும்பச் சொத்தைக் கரைக்க வைத்ததும் மருத்துவம் நன்றாக அறிந்த செய்தி. ஒரே வேதிப்பொருள்தான். ஒருவர் கையில் தூரிகையைக் கொடுத்தது, இன்னொருவர் கையில் சீட்டுக்கட்டைக் கொடுத்தது. வேதிப்பொருள் உந்தித் தள்ளும். எதை நோக்கித் தள்ளும் என்பது அந்த மனிதர் யார், என்ன கற்றார், எதில் ஈடுபட்டார் என்பதில் கிடக்கிறது.

டோபமினுக்கு உறவுக்காரர் நார்அட்ரினலின். பயத்தில், பரபரப்பில், ஆபத்தில் மேலோங்குவது இதுதான். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் தேடுவதை இங்கே பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். பதற்றப்படுகிறவர் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி இறக்கித் தூக்குவார். நிதானமாக இருப்பவர் கயிற்றை மெல்லச் சுற்றிச் சுற்றி விட்டுத் துழாவுவார். நார்அட்ரினலின் ஏறும்போது மூளை முதல் ஆளைப்போலத் தேடுகிறது. பாய்ந்து வரும் மாட்டுக்கு ஒதுங்க அந்த ஒருமுகம் வேண்டும். புதிய யோசனைக்கு அது ஆகாது. டேவிட் பெவர்ஸ்டார்ஃப் 1999இல் இதைச் சோதித்தார். கலைந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கும் புதிரைக் கொடுத்தார். நார்அட்ரினலினின் பிடியைத் தளர்த்தும் பிரொப்ரனலால் மருந்து சாப்பிட்டபோது விடை விரைவாக வந்தது; அதைக் கூட்டும் எபெட்ரின் சாப்பிட்டபோது தாமதமானது. இதைக் கேட்டுவிட்டு யாரும் மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். இதயத்தைத் தொடும் மருந்து அது.

ஆனால் ஆசிரியப் பெருமக்களே, ஒன்றை யோசியுங்கள். பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு, "சொந்தமா யோசிச்சு எழுது" என்று பிள்ளையிடம் சொல்கிறோம். மதிப்பெண் குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளை அது. அந்தப் பிள்ளையின் மூளை எப்படிச் சுற்றித் துழாவும்? மனப்பாடம் செய்ததைத்தான் மறுபடி மறுபடி இறக்கித் தூக்கும். அதன்பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனையே இல்லை" என்கிறோம். கற்பனை இருக்கிறது, ஐயா. பயத்தை நாம் அதன்மேல் உட்கார வைத்திருக்கிறோம்.

அப்படியானால் கோபத்தில் எதுவும் பிறக்காதா? பிறக்கும். டச்சு ஆய்வாளர்கள் கார்ஸ்டன் டி ட்ரூவும் மாத்தைஸ் பாஸும் இதை ஆராய்ந்தார்கள். மகிழ்ச்சி சிந்தனையை அகலப்படுத்துகிறது. கோபம் ஒரே பொருளில் விடாமல் தோண்ட வைக்கிறது. இரண்டு வழியிலும் புதியது கிடைக்கலாம், ஏனென்றால் இரண்டும் மனத்தை முடுக்கிவிடுகின்றன. முடுக்கம் இல்லாத சோகத்துக்கு அப்படி ஒரு பலனை அவர்கள் காணவில்லை. சாதாரணச் சோகத்துக்கே இந்த நிலை என்றால் மனச்சோர்வு நோயைப் பற்றி என்ன சொல்வது? அதில் கிடப்பவரால் பேனாவைக்கூட எடுக்க முடியாது. அந்த நோயைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதிலிருந்து மீண்ட பிறகுதான் எழுதினார்கள்.

இனி, மேதைமையும் பித்தும் உடன்பிறப்புகள் என்ற பழைய பேச்சுக்கு வருவோம். அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஒரு கிரேக்க நூலிலேயே, பெரியவர்கள் எல்லாரும் ஏன் துயர இயல்பினராக இருக்கிறார்கள் என்ற கேள்வி வருகிறது. நம் காலத்தில் நான்சி ஆண்ட்ரியாசென் அமெரிக்காவின் அயோவா எழுத்தாளர் பட்டறையைச் சேர்ந்த 30 எழுத்தாளர்களை ஆராய்ந்தார். 1987இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களில் 80 சதவீதம் பேர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநிலை நோய்க்கு ஆளானவர்கள். ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களில் 30 சதவீதம். உலகமெங்கும் இந்த எண்ணை மேற்கோள் காட்டினார்கள். முப்பதே பேர், ஒரே பட்டறை என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

சுவீடனில் சிமோன் கியாகாவும் தோழர்களும் ஏறத்தாழ 12 லட்சம் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டி, 2013இல் விடை சொன்னார்கள். கலைஞர், விஞ்ஞானி என்று படைப்புத் தொழிலில் இருப்பவர்களை மொத்தமாகப் பார்த்தால் மற்றவர்களைவிட அவர்களுக்கு மனநோய் கூடுதலாக இல்லை. ஒரு நோய் மட்டும் விதிவிலக்கு: பைபோலார் என்று சொல்லப்படும் இருமுனை மனநோய். எழுத்தாளர்களைத் தனியாகப் பிரித்தால் நிலைமை மோசம். பல நோய்களும் தற்கொலையும் அவர்களிடம் கூடுதல். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. கடுமையான மனநோய் உள்ளவர்களின் உடன்பிறந்தவர்கள், நோய் இல்லாதவர்கள், அவர்கள்தான் படைப்புத் தொழிலில் கூடுதலாக இருந்தார்கள். குடும்பத்தில் ஓடும் ஏதோ ஒன்று கொஞ்சமாக வந்தால் உதவுகிறது போலிருக்கிறது. முழு நோயாக வந்தால் ஆளையே சாய்த்துவிடுகிறது.

சரி, இருமுனை நோய் படைப்பைக் கூட்டுகிறதா? ஒரே மனிதரின் வாழ்க்கையை வைத்துப் பார்ப்போம். ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன்.

1840ஆம் ஆண்டு. தம் காதலி கிளாராவை மணக்க, அவளுடைய தந்தையை எதிர்த்து நீதிமன்றம் வரை போய் வென்ற ஆண்டு. அந்த ஓர் ஆண்டில் ஷூமன் 100க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். 1844இல் நொறுங்கிப் போனார். ஏறக்குறைய எதுவுமே எழுதவில்லை. 1849இல் மறுபடி வெள்ளம். இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? மனம் பொங்கிய ஆண்டில் இசையும் பொங்கியது, நோய்தான் மேதைமை என்று தோன்றும் அல்லவா?

ராபர்ட் வைஸ்பர்க் என்ற உளவியலாளருக்கு அங்கே ஒரு சந்தேகம் வந்தது. எண்ணிக்கை கூடியது சரி, தரம் கூடியதா? ஷூமனின் ஒவ்வொரு படைப்பையும் பிற்கால இசைஞர்கள் எத்தனை முறை ஒலிப்பதிவு செய்தார்கள் என்று கணக்கெடுத்து, அதையே தரத்துக்கு அளவாக வைத்தார். 1994இல் முடிவை வெளியிட்டார். மனம் பொங்கிய ஆண்டுகளில் ஷூமன் நிறைய எழுதினார். சிறந்ததின் விகிதம் மட்டும் கூடவில்லை. நோய் அவருக்கு வேகம் தந்தது. சிறப்பு வேறு எங்கிருந்தோ வந்தது. எங்கிருந்து? இளமையிலிருந்து செய்த பயிற்சியிலிருந்து, பாக்கையும் ஷூபர்ட்டையும் கரைத்துக் குடித்த படிப்பிலிருந்து.

நோய் முற்றியபோது என்ன ஆயிற்று? 1854 பிப்ரவரியில், தேவதைகள் தமக்கு ஓர் இசையைச் சொல்லித் தருவதாக ஷூமன் நம்பினார். எழுந்து எழுதி வைத்தார். அது அவரே அதற்கு முந்தைய ஆண்டு வயலின் கான்செர்ட்டோவுக்கு எழுதிய இசையின் சாயல்! தாம் பெற்ற பிள்ளையை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. சில நாளில் ரைன் நதியில் குதித்தார். படகுக்காரர்கள் காப்பாற்றினார்கள். பான் நகருக்குப் பக்கத்தில் எண்டெனிக் மனநல விடுதியில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்து, 1856இல், 46 வயதில் இறந்தார். அவருக்கு வந்தது இருமுனை நோயா, சிஃபிலிசால் மூளை பாதித்ததா என்று மருத்துவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எதுவாக இருந்தாலும், அந்த விடுதியில் உலகம் நினைவில் வைத்திருக்கும் இசை எதுவும் பிறக்கவில்லை. நோய் மேதைமையின் ஊற்று என்றால், நோய் உச்சத்தில் இருந்தபோது ஊற்று ஏன் வற்றியது?

இப்போது நம் கேள்விக்கு வந்துவிட்டோம். மருந்து சாப்பிட்டால் பாட்டு நின்றுவிடுமா?

இருமுனை நோய்க்கு லித்தியம் பயன்படும் என்று 1949இல் கண்டு சொன்னவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். அதை உறுதியாக நிலைநாட்டியவர் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ. ஷோவே இந்தக் கேள்வியைக் கலைஞர்களிடம் நேராகக் கேட்டார். லித்தியம் சாப்பிட்டு வந்த 24 கலைஞர்கள். 1979இல் அவர் தந்த கணக்கு இது. மருந்துக்குப் பிறகு தங்கள் படைப்பு கூடியது என்றவர்கள் 12 பேர். மாற்றமில்லை என்றவர்கள் 6 பேர். குறைந்தது என்றவர்கள் 6 பேர்.

குறைந்தது என்ற அந்த ஆறு பேரை நான் மறைக்க மாட்டேன். அவர்களுடைய இழப்பு உண்மையானது. லித்தியம் சிலருக்கு மந்தம் தரும், கை நடுக்கம் தரும், சொல் சட்டென்று வராது. அப்படியானால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். 1979இல் இல்லாத மருந்துகள் இன்று உண்டு. தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. மருத்துவரும், "எழுத்தெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கக் கூடாது. எழுதுகிறவருக்கு எழுத்துதான் உயிர். அதையும் சேர்த்துக் காப்பதுதான் சிகிச்சை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் தாமே இந்த நோயாளி. லித்தியம் சாப்பிட்டுக்கொண்டேதான் இந்த நோயைப் பற்றி உலகம் படிக்கும் நூல்களை எழுதினார். 1995இல் தம் கதையை நூலாகவே வெளியிட்டார்.

ஆகவே, அந்தத் தயக்கத்தோடு இந்த அரங்கில் யாராவது உட்கார்ந்திருந்தால், அவருக்கு நான் சொல்கிறேன்: தம்பி, தங்கை, உன் கவிதை உன் நோயிலிருந்து வரவில்லை. நீ படித்ததிலிருந்து வருகிறது, பார்த்ததிலிருந்து வருகிறது, அடித்து அடித்துத் திருத்தியதிலிருந்து வருகிறது. லோவிக்குக் கனவு வந்ததற்குப் பின்னால் பதினேழு ஆண்டு இருந்தது. உனக்கும் அந்தப் பதினேழு ஆண்டு வேண்டும். அதற்கு நீ உயிரோடு இருக்க வேண்டும், தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு அழை. அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்த எண்ணை வாயிலில் உள்ள பலகையிலும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இனி உங்கள் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுந்து கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், பெயர் போட வேண்டியதில்லை.